மருந்து குடிச்சிட்டான்

இந்த வருடப் பொங்கலன்று காலையில் எங்கள் தாராவித் தெருவில் வழக்கம்போல் அடுப்புகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. எதிர் வீட்டு மதினியின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் மகன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தான். மதினி உள்ளே போய் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து வந்து, அதன் ஒரு முனையில் மஞ்சளைத் தொட்டு வைத்து அவனிடம் நீட்டினார். புதுத் துணிக்குத்தான் மஞ்சள் வைப்பார்கள். அது பழைய வேட்டி. கரை வெளுத்து, மடிப்பு விழுந்த இடத்தில் நூல் இளைத்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதற்கு மஞ்சள் வைக்கிறார். காரணம் தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் இரண்டு பேர். ஒருவர் மதினி, மற்றவன் நான்.

மாட்டுங்காவில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் காவல்துறைச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஹவல்தாரைத் தெரியும். மராட்டியர். நெடுங்காலம் தாராவியிலேயே வேலை பார்த்தவர். டீக்கடைகளிலும் சண்டை விலக்கப் போன இடங்களிலும் கற்றது என்பதால் அவருடைய தமிழ் முழுக்கத் திருநெல்வேலித் தமிழ், அதில் பாதி ஏச்சு. "ஏல, எங்கல ஓடுத? நில்லுல" என்பதைப் பிழையில்லாமல் சொல்வார். ஒருவரை மரியாதையாக உட்காரச் சொல்ல அவருக்குத் தமிழில் வராது. தெருப் பெண்கள் சீண்டுவார்கள். "சாகேப், உமக்கு நாங்குநேரியா, வள்ளியூரா?" அவர் முகம் மாறாமல், "எங்க சாத்தாரா பக்கத்துல ஒரு வள்ளியூர் இருக்கு" என்பார்.

அவருடைய போலீஸ் ஸ்டேஷனில் அப்போது ஒரு புது ஏற்பாடு தொடங்கியிருந்தது. தன் உபயோகத்துக்குக் கொஞ்சம் போதைப் பவுடர் வைத்திருந்து பிடிபடுகிறவன், தானாகவே சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடினால் விலக்கு போய்விடும், வழக்கு மீண்டும் எழும். பிடிபட்டவர்களிடம் இதை எடுத்துச் சொல்லி, செம்பூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், அங்கேயே அவர்களைத் தங்கவைக்கும் பொறுப்பு ஹவல்தாருடையது. அடித்துப் பேசியே பழகியவருக்கு அணைத்துப் பேசும் வேலை. அவர் அதை விரும்பித்தான் செய்தார்.

மதினியின் மகன் அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவன். மதினி வீட்டிலேயே உட்கார்ந்து தோல் பெல்ட்டுகளுக்குக் கொக்கி மாட்டுகிறவர். கணவர் இல்லை. ஒரே மகன் பவுடரில் விழுந்தபின் வீட்டில் குக்கர், மிக்ஸி, கடைசியில் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்துச் சட்டம்கூட நிற்கவில்லை. அவன் இரவில் எதை எடுப்பானோ என்று கதவில் முதுகைச் சாய்த்தபடியே தூங்கினார். ஒருநாள் அவனை வெளியே தள்ளித் தாழ் போட்டார். அதன் பிறகு அவன் எங்கே கிடந்தான் என்பது தெருவில் யாருக்கும் தெரியாது. போலீசில் பிடிபட்டதும் தெரியாது. வீட்டுக்குச் சொல்லவே கூடாது என்று அவன் ஹவல்தாரிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான்.

மருத்துவமனையில் சேர்ந்த சில நாட்களிலேயே கிளம்பிவிடத் துடித்தான். உடம்பெல்லாம் முறுக்குகிறது, ஜெயிலுக்கே போய்விடுகிறேன், எனக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று இந்தியில் கத்தினான். மருந்து வேண்டாம் என்று நர்சின் கையைத் தட்டிவிட்டான். ஹவல்தார் வந்து அரைமணி நேரம் பேசி, ஒருவழியாக அன்றைய மருந்தைக் குடிக்க வைத்தார். சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுக்கும் திரவ மருந்து. அவன் கண்மூடிச் சாய்ந்ததும், வீட்டுக்குச் சொல்வதில்லை என்று கொடுத்த வாக்கை மீறி, வராந்தாவுக்கு வந்து மதினிக்குப் போன் செய்தார். அவர் என்னிடம் பெருமையோடு சொன்னது இது.

"போலீஸ் ஸ்டேஷன் ஹவல்தார் பேசுதேன். உம் மவன் மருந்து குடிச்சிட்டான். செம்பூர் ஆஸ்பத்திரில கெடக்கான்."

மதினி கேட்டார்: "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிச்சு. முழுசாக் குடிச்சிட்டான். இப்போ அமைதியாக் கெடக்கான்."

"நல்லது சாகேப்," என்றார் மதினி. "நல்லது. வாறேன்."

ஹவல்தார் உள்ளே ஓடி அவனை எழுப்பினார். "ஏல, உங்கம்மா நல்லதுன்னு சொல்லிட்டா. ரெண்டு வாட்டி சொன்னா. வருதால." அவன் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதான். அதன் பிறகு கிளம்புகிறேன் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மாலையில் மதினி புது வேட்டியோடு வந்ததையும் ஹவல்தார் சொன்னார். "தாய்னா அதுதான். வெறுங்கையோட வரல பாத்தியா." நான் அப்படியே எழுதினேன். பத்திரிகையில் நல்ல இடத்தில் வந்தது.

அவன் வீடு திரும்பி வந்த முதல் பொங்கலன்று மதினி அந்த வேட்டிக்கு மஞ்சள் வைப்பதைப் பார்த்தேன். ஏற்கெனவே உடுத்தித் துவைத்த வேட்டிக்கு எதற்கு மதினி மஞ்சள் என்று கேட்டேன். அவன் தண்ணீர் எடுக்கப் போகும்வரை அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வாங்குன அன்னைக்கு வைக்கலல்லா," என்றார்.

"ஏன்?"

"கோடித் துணிக்கு யாராவது மஞ்ச வைப்பாவளா, கொழுந்தனாரே?"

கோடி என்பது பிணத்தின் மேல் போர்த்தும் துணி. எனக்கு அவர் சொன்னது உடனே பிடிபடவில்லை. பிறகுதான் ஹவல்தாரின் போன் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் உடம்புக்கு முடியாதவன் மருந்து சாப்பிடுவான். மருந்து குடித்தான் என்றால் பூச்சி மருந்தைக் குடித்தான் என்றுதான் பொருள். வேறு பொருளே இல்லை. திரவம் என்பதால் ஹவல்தார் யோசித்து, சரியான சொல் என்று நினைத்து, குடிச்சிட்டான் என்றிருக்கிறார். திருநெல்வேலிக்காரனான எனக்கு, கதையை மருத்துவமனைப் பக்கத்திலிருந்தே கேட்டதால், அது உறைக்கவில்லை.

அதைவிட அதிர்ச்சி பின்னால் வந்தது. அந்த 'நல்லது'. மகன் செத்துவிட்டான் என்று நினைத்தா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஆமா, சொன்னேன்," என்றார் மதினி. பொங்கல் பானையைப் பார்த்தபடியே பேசினார். "கையில இருந்த பெல்ட்டுக்குக் கொக்கிய மாட்டி முடிச்சேன். தலைக்கு ஊத்துனேன். அழுகை வரல. இன்னைக்கு ராத்திரி கதவத் தொறந்து போட்டுத் தூங்கலாம்னுதான் மனசுல வந்துது. மொறைப்படி கோடி போட வேண்டிய தாய்மாமன் எங்கள விட்டு எந்தக் காலத்துலயோ போயிட்டான். வேற அவனுக்கு யாரு இருக்கா? போற வழியில நானே வாங்குனேன்."

மருத்துவமனையில் எந்தப் பக்கம் கிடத்தியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். நர்ஸ் வார்டைக் காட்டியிருக்கிறார். உள்ளே மகன் கட்டிலில் உட்கார்ந்து பாலில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"கையில இருந்த பொட்டலத்தப் பாத்தான். எனக்காம்மான்னான். நான் தலைய ஆட்டுனேனா என்னன்னு தெரியல. பிரிச்சான், இடுப்புல சுத்திட்டான். புடுங்கணும்னு கை போச்சு. புடுங்கிட்டு என்னன்னு சொல்லுவேன்?"

விபத்து, கொலை, தற்கொலை என்று பல வீடுகளின் வாசலில் நின்று கேட்டு எழுதியிருக்கிறேன். அப்படியொரு பதில் எனக்கு எங்கும் கிடைத்ததில்லை. அந்தத் தாயை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்காதவனாகவும் இருக்க முடியவில்லை.

"ஹவல்தார்கிட்ட சொல்லிராதீங்க," என்றார் கடைசியில். "பாவம், நல்ல தமிழ் பேசுதோம்னு நெனச்சிட்டிருக்காரு." எழுதலாமா என்று இந்த வருடம்தான் கேட்டேன். யோசித்தார். "தமிழ்லன்னா எழுதுங்க. எம் மவனுக்குத் தமிழ் வாசிக்க வராது."

உண்மைதான். அவன் படித்தது இந்திப் பள்ளிக்கூடம். இப்போது வாஷியில் ஏசி பழுது பார்க்கிறான். இந்த வருடப் பொங்கலன்று எதிரே பானை பொங்கியபோது அவன் போன் அடித்தது. ஓய்வு பெற்று ஊரோடு இருக்கும் ஹவல்தார். ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஏல, வேட்டி கட்டுனியா?"

"கட்டியாச்சு சாகேப். அம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள்லா, அதே வேட்டிதான்."

"உங்கம்மாட்ட குடு. என்ன, உம் மவன் நல்லா இருக்கானா? நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

மதினி போனை வாங்கினார். மகனின் இடுப்பில் வேட்டி முனையில் இருந்த மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நல்லது சாகேப்," என்றார். "நல்லது."