மூனா தானா பியரும் ரோதமுனியும்

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு விடிகாலை பஸ். கட்டணம் அறுநூற்று இருபது ரூபா. எழுநூறாகக் கொடுத்தேன். மிச்சத்தைக் கண்டக்டர் கினிகத்தேனை தாண்டும்வரை தரவில்லை, அதைக் கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இந்த மாதத்தில் நான் ருசி பார்க்கப் போகும் மூன்றாவது பியர் ஆலை இது. சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்த என்னை, ஐம்பத்திரண்டு வயதில் பியர் பக்கம் தள்ளிவிட்டவர் எங்கள் இணைய இதழின் ஆசிரியர். ஒரு பெண் பியரைப் பற்றித் தமிழில் எழுதினால் நாலு பேர் கூடுதலாகப் படிப்பார்கள் என்பது அவர் கணக்கு. படிக்கிறார்கள்தான். திட்டவும் செய்கிறார்கள். எனக்கோ முதல் இரண்டு ஆலைகளிலேயே நாக்கு மரத்துவிட்டது. முழங்கால் வேறு ஒவ்வொரு வளைவிலும் முன் சீட்டில் இடித்தது. கித்துல்கலயில் எல்லோரும் ஆற்றை எட்டிப் பார்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஹட்டனில் இறங்கி, ஓர் அறையில் பையைப் போட்டுவிட்டு, தலவாக்கலை பஸ் பிடித்தேன். பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். கொட்டகலை வந்ததும் மழை. தலவாக்கலையில் மழை இல்லை, குளிர் மட்டும். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ, ஆயிரத்து இருநூறு ரூபா.

"எந்த பெக்டரி மிஸ்? தேயிலையா, மத்ததா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மத்தது."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "அத ஜிஞ்சர் பியர் கம்பனின்னுதான் சொல்லணும் மிஸ். ஹட்டன் மூனா தானா மொதலாளி அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அவரு மகன்தான நடத்துறாரு. குடிச்சவனுக்குத் தெரியாதா என்ன குடிச்சோம்னு?"

மூனா தானா என்பது ஆள் பெயரல்ல, விலாசம். ஹட்டன் பஜாரில் பழைய வியாபாரக் குடும்பங்களை இன்றும் முதல் எழுத்துகளைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். மு.த. என்று பலகை போட்ட மளிகைக் கடை மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறது. அந்தக் கடையின் வாரிசு சரவணன்தான் நான் பார்க்கப் போன ஆள். மெல்பனில் ஒரு சிறு பியர் ஆலையில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, மூடிக் கிடந்த தேயிலை பெக்டரியின் கீழ்த்தளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மேல்மாடிகளில் புறாக்கள் குடியிருக்கின்றன.

சரவணன் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். அலுவலக அறையில் எனக்கு முன்பே ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் குடை.

"எங்கப்பா, தங்கவேல்," என்றார் சரவணன். "இன்னைக்குத்தான் மொத தடவையா வந்திருக்காரு. சொல்லாமக்கொள்ளாம."

சரவணன் டின்களை எடுத்துவரப் போனதும் பெரியவர் குடையைச் சுவரில் சாய்த்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா. நீங்க எழுத வர்றதா கேள்விப்பட்டு, ஒங்களப் பாக்கத்தான் வந்தேன். கோயில்ல அஞ்சாம் திருவிழா எங்க உபயம். எங்க தாத்தா காலத்துலேருந்து. பய சாராயம் காய்ச்சுறான், அந்த வீட்டு உபயம் அம்மனுக்கு வேணாம்னு கமிட்டியில சில பேரு சொல்றாங்க. போதையில்லாத இஞ்சிச் சோடா, ஜிஞ்சர் பியருன்னு நான் சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்குக் கூட்டம், அதுல முடிவு பண்ணிருவாங்க. நீங்க எழுதுங்க, வேணாங்கல. எங்க விலாசத்த மட்டும் போட்டுறாதீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. வெள்ளவத்தையில் என் அண்ணன், நான் சமையல் குறிப்பு எழுதுவதாகத்தான் உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். யோசிக்கிறேன் என்றேன்.

யோசிக்க அதிக நேரம் கிடைக்கவில்லை. சரவணன் நான்கு டின்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான்கிலும் கொட்டை எழுத்தில், தமிழில், 'மூனா தானா' என்று அச்சடித்திருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். எழுந்து வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். முதல் டின், லாகர். வெளிர் நிறம், சுத்தமான ருசி, குடித்து முடித்ததும் மறந்துபோகும். வெயில் ஊர்களில் விற்கும், இங்கே போர்வைக்குள் இருப்பவன் ஏன் வாங்கப்போகிறான் என்று தெரியவில்லை. இரண்டாவது, கோதுமை பியர். கொத்தமல்லி விதையும் நாரத்தைத் தோலும் போட்டிருக்கிறார். மூக்குக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் தோல் ஒரு கைப்பிடி கூடிவிட்டது. மூன்றாவது, தேயிலை பியர். இதைத்தான் நான் மிகவும் எதிர்பார்த்தேன், இதுதான் மிகவும் மோசம். விடியற்காலை ஊற்றி மத்தியானம் வரை மறந்துபோன தேத்தண்ணியின் துவர்ப்பு.

"எங்கே தூள் வாங்குகிறீர்கள்?"

"கொழும்புல," என்றார் சரவணன், வராந்தாவைப் பார்த்துக்கொண்டு. "பழைய பைக்கட் தூளு, எனக்கே தெரியும். ஹட்டன்ல யாருகிட்ட வாங்குனாலும் அப்பா காதுக்குப் போயிரும். பீப்பாயில தேயிலையக் கொட்டுறேன்னு அவரு பஜாருல தலகுனியணும்."

நான்காவது, கித்துள் பாணி, அதாவது கித்துள் பனையின் பாகு, போட்ட கறுப்பு பியர். முதல் வாய் குடித்துவிட்டு நான் பேனாவைக் கீழே வைத்தேன். கருகிய வாசமும் பாணியின் இனிப்பும் சண்டை போடாமல் ஒன்றாக இறங்கின. கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. துப்புவதற்கென்று வைத்திருந்த கோப்பையை நான் தொடவே இல்லை. இந்த மாதத்தில் முதல் முறையாக இரண்டாவது வாய் குடித்தேன். அலுப்பு போய்விட்டது என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் அதன் நினைப்பு இல்லை, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் டின் அடைக்கும் மிசினை ஓட்டுவதாக இருந்தது. அதை ஓட்டுபவர் பரமேஸ்வரி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். அவர் கையில் ஒரு தட்டோடு வந்தார். வெற்றிலை, சூடம், ஒரு சுருட்டு, போன தடவை அடைத்த கறுப்பு பியரில் ஒரு டின்.

பெக்டரிக்குப் பின்னால் ரோதமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். தேயிலை அரைத்த காலத்து இரும்புச் சக்கரம் ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, குங்குமம் அப்பி, சூலம் நட்டு வைத்திருக்கிறார்கள். மிசின்களுக்குக் காவல் அவர்தான். தேயிலைக் காலத்தில் அவருக்குச் சாராயம் படைத்தார்கள். இப்போது இங்கே செய்வதையே படைக்கிறார்கள். படைக்காமல் யாரும் ஸ்விட்சில் கை வைப்பதில்லை.

சரவணன் வழக்கம்போலத் தட்டை வாங்கக் கை நீட்டினார். பரமேஸ்வரி கொடுக்கவில்லை.

"பெரியவரு இருக்கறப்ப நீங்க தொடக்கூடாதுங்க. வீட்டுக்கு மூத்தவங்கதான் படைக்கணும்."

வராந்தாவில் நின்றவர் திடுக்கிட்டார். "நான் சைவம்மா. அதையெல்லாம் கையால தொட்டதில்ல."

"சாமி ஒங்கள குடிக்கச் சொல்லலீங்களே. குடுக்கத்தான சொல்றாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோயில் உபயத்துக்காக அவ்வளவு தூரம் வந்த மனிதர், சாமி தட்டைத் திருப்பி அனுப்ப முடியுமா? செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பரமேஸ்வரி சூடம் ஏற்றினார்.

"யாரு வீட்டுப் படையலு, என்ன படையலுன்னு சத்தமா சொல்லணுங்க. இல்லாட்டி முனி ஏத்துக்க மாட்டாரு."

பெரியவர் டின்னைக் கையில் எடுத்தார். "மூனா தானா வீட்டுப் படையலு," என்றார். அதோடு நிறுத்திவிட்டார். டின்னை இப்படியும் அப்படியும் புரட்டினார். வேலையாட்கள் ஐந்து பேர் நின்றார்கள். ஜிஞ்சர் பியர் கதை அந்த ஐந்து பேருக்கும் தெரியும். சரவணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடம் பாதி எரிந்துவிட்டது.

"பியரு சாமி," என்றார் பெரியவர். பிறகு இன்னும் உரக்க, "எம் மகன் செஞ்ச பியரு."

அதன் பிறகுதான் டின்னை எப்படித் திறப்பது என்று தெரியாமல் விழித்தார். வளையத்தை எதிர்ப்பக்கம் இழுத்தார். பரமேஸ்வரி காட்டிக் கொடுத்ததும் படக்கென்று தூக்கினார். அவ்வளவு நேரம் குலுங்கிய பியர் சும்மா இருக்குமா? சீறிக்கொண்டு வந்து சட்டை, வேட்டி, திருநீறு எல்லாவற்றையும் நனைத்தது. முனிக்குக் கிடைத்தது பாதிதான். யாரும் சிரிக்கவில்லை. சரவணன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அப்பா அதை வாங்கி முகத்தை மட்டும் துடைத்தார்.

மிசின் ஓடியது.

"வேன்ல கொண்டுபோய் விடுறேம்ப்பா, வேட்டிய மாத்திட்டுப் போங்க," என்று மகன் கெஞ்சினார்.

"நீ வேலையப் பாரு. பஸ் இருக்கு."

தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு நாங்கள் இருவரும் ஒரே சீட்டில் வந்தோம். வெள்ளை வேட்டியில் கறுப்பு பியர் காய்ந்து பழுப்பாகியிருந்தது. வாசம் பஸ் முழுக்கப் பரவியது. முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். "மொதலாளி!" என்று கும்பிட்டுக்கொண்டே வந்த ஒருவர், கிட்டே வந்ததும் மூக்கைச் சுளித்து, இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றார்.

"ரொம்ப அடிக்குதாம்மா?"

"அடிக்கிறது," என்றேன். பொய் சொல்ல அலுப்பாக இருந்தது.

அவர் தலையாட்டினார். ஹட்டனில் இறங்கியபோது ஆறு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. அவர் கடை எதிரிலேயே இருந்தது, மாடியில்தான் வீடு. உள்ளே போய் மாற்றிக்கொண்டு வர நேரம் இருந்தது. அவர் கடையைத் தாண்டி, அந்த வேட்டியோடேயே, குடையை ஊன்றிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். நான் அறைக்குப் போய்ச் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரவணனின் பியர் எப்படி இருக்கிறது என்று அந்த மனிதருக்கு எப்போதுமே தெரியப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏனோ அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

மறுநாள் காலை கொழும்பு பஸ்ஸுக்கு முன், பிஸ்கட் வாங்கும் சாக்கில் அவர் கடைக்குப் போனேன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு சீனி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆயிற்று?"

"அஞ்சாம் திருவிழா போயிருச்சும்மா," என்றார். "வேற வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. வேட்டியப் பாத்தாங்க, ஒண்ணும் கேக்கல. நானாத்தான் பியருன்னு சொன்னேன்." சீனிப் பையை மடித்துக் கட்டினார். "நீங்க விலாசத்தப் போட்டுக்கங்க. இனி என்ன."

பிஸ்கட்டைக் கையில் கொடுத்தார். காசை வாங்கிக்கொண்டு, கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மேசைக்கு மேலாகக் குனிந்தார்.

"மெய்யாச் சொல்லுங்கம்மா. பய செய்யிறது நல்லா இருக்கா?"

என் எழுத்தைப் பற்றி என் வீட்டில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்தத் தொழிலில் எத்தனையோ பேருக்கு மழுப்பி எழுதியிருக்கிறேன், இவருக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

"கறுப்பு ரொம்ப நன்றாக இருக்கிறது. நான் குடித்ததில் அதற்குத்தான் முதலிடம். லாகர் பரவாயில்லை. கோதுமையில் நாரத்தைத் தோலைக் குறைக்க வேண்டும். தேயிலை போட்டது சரியில்லை."

"தேயிலையா சரியில்ல?" நிமிர்ந்துவிட்டார். "என்ன தூளு போட்டான்?"

"கொழும்பில் வாங்கிய பைக்கட் தூளாம்."

"கொழும்புலயா!" அவர் குரல் உயர்ந்தது. உபயம் போனதைச் சொன்னபோதுகூட அவ்வளவு உயரவில்லை. "தேயிலை மலையில உக்காந்துக்கிட்டு, மூனா தானா பேரையும் போட்டுக்கிட்டு, கொழும்புத் தூளா வாங்குறான்?"

பின்பக்கம் போனார். தகரப் பெட்டிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு தூளை உள்ளங்கையில் கொட்டி மோந்து, திருப்பிப் போட்டு, இன்னொன்றை எடுத்தார். ஒரு கிலோ நிறுத்து, தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, தன் குடைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தலவாக்கலைக்குப் பத்து மணிக்கு ஒரு பஸ் இருக்கு," என்றார் எனக்கோ தனக்கோ.

என் பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது.