மாவு மில் முனை வரை

சாந்தகுமாரி பயந்த சுபாவம் உள்ளவர். லிஃப்டில் தனியாக ஏறமாட்டார். வீட்டில் அடிபடும் பெண்களுக்குத் துணை நிற்கும் ஒரு மனித உரிமை அமைப்பில் வேலை செய்கிறார் என்று கேள்விப்படுகிறவர்கள் அவரைத் தைரியசாலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. பேச்சை மாற்றிவிடுவார்.

பூர்வீகம் நாசரேத் என்றாலும் பிறந்து வளர்ந்தது எல்லாம் புனேயின் கட்கியில். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார். கணவர் அமல்ராஜும் அங்கேதான். படித்தது மராத்திப் பள்ளிக்கூடம். தமிழ் வீட்டிலும் மாதா கோயிலிலுமாக வந்தது. அந்தத் தமிழுக்காகத்தான் அமைப்பில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கணவனின் ஐ.டி. வேலைக்காகப் புனே வந்த பெண்கள் சிலர் உதவி எண்ணுக்கு அழைப்பார்கள். இந்தியில் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அழுகை வந்துவிடும். அப்போது போன் சாந்தகுமாரியின் கைக்கு வரும்.

அமைப்பில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. பேசுகிறவர் தன் ஊரையோ வீட்டையோ சொல்லக் கூடாது. மராத்திக்காரப் பெண்களுக்கு அது சுலபம். கட்கித் தமிழர்களுக்கு அப்படி இல்லை. காய்கறிக் கடையில் தமிழ் காதில் விழுந்தால்கூட, நீங்க எந்த ஊரு என்றுதான் பேச்சே தொடங்கும்.

நகரின் இன்னொரு பக்கமான கோந்த்வாவிலிருந்து காவ்யா அழைத்த அன்று, தமிழைக் கேட்டதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"யாரு நீங்க? அவரு பேசச் சொன்னாரா?"

போனை வைத்துவிடப் போகிறாள் என்று சாந்தகுமாரிக்குப் புரிந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"இல்லம்மா. நான் நாசரேத்துக்காரி. இங்க கட்கி குவார்ட்டர்ஸ்ல இருக்கேன். என்னை நம்பு."

அவள் நம்பினாள். ஒரு காலையில் கைப்பையோடு மட்டும் வெளியே வந்தாள். போனை வீட்டிலேயே விட்டுவிட்டாள். அமைப்பின் காப்பகத்தில் அவளுடைய மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அதைச் சொன்னாள். அவளுடைய எல்லா அழைப்புகளும் அந்தப் போனில் பதிவாகும். கணவன் பாஸ்கர் ஆபீஸ் முடிந்து வந்ததும் உட்கார்ந்து கேட்பான்.

"நாம பேசினதும் இருக்குமா?" என்று கேட்டார் சாந்தகுமாரி.

"அழிச்சேன்க்கா. அழிச்சேன்னுதான் நினைக்கிறேன்."

இதை ஒருங்கிணைப்பாளர் வைஷாலியிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காவ்யாவைப் பார்க்க விடமாட்டார்கள். காப்பகத்தில் அவளோடு தமிழில் பேச வேறு யாரும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். ஆனால் தெருவில் எந்த பைக் வேகம் குறைந்தாலும் திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் வீடு திரும்பியபோது, வாசலில் பளபளப்பான ஒரு ஜோடி ஷூ இருந்தது. உள்ளே அமல்ராஜ் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வா, வா. யாரு வந்திருக்காருன்னு பாரு. நம்ம திசையன்விளைத் தம்பி. பாஸ்கர்னு பேரு, கோந்த்வாவுல இருக்காராம். பஜார்ல விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சிருக்காரு."

நாற்காலியில் இருந்தவன் மரியாதையாக எழுந்து கும்பிட்டான். கழுத்தில் கம்பெனி அட்டை. கையில் டீ தம்ளர். சாந்தகுமாரி வாசலிலேயே நின்றார். தலையை மட்டும் ஆட்டினார்.

"ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்களேக்கா" என்றான். "போன்ல அவ்வளவு நல்லா பேசினீங்க."

அமல்ராஜுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "வீட்ல பேசுத பேச்சை நீங்க கேக்கணும் தம்பி. எனக்குக் காது பாதி போயிட்டு" என்றவர், மனைவியிடம் திரும்பினார். "புருசன் பொஞ்சாதி சண்டைதானாம் சாந்தா. தம்பிக்குக் கண்ணு கலங்கிட்டு. நம்மாளுவள நாமதான சேத்து வைக்கணும்? அன்னைக்கு மழையில உன்னை ஸ்கூட்டர்ல கொண்டு விட்டேம்லா, அந்த..."

"வாயை மூடுங்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் கணவரிடம் அப்படிப் பேசியதில்லை. அதுவும் வந்தவர் முன்னால். அமல்ராஜின் முகம் சுருங்கிப்போயிற்று.

பாஸ்கர் மிச்ச டீயையும் குடித்து முடித்தான். "அண்ணனைத் திட்டாதீங்கக்கா. மாவு மில் முனைன்னு முதல்லயே சொல்லிட்டாரு" என்றபடி தம்ளரைக் கீழே வைத்தான். "டீ நல்லா இருந்துது."

பைக் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் சாந்தகுமாரியால் கைப்பையைத் திறக்க முடிந்தது. போனை எடுத்தார். வைஷாலியிடம் மராத்தியில் எல்லாவற்றையும் கொட்டினார்: பதிவான அழைப்பு, தான் சொன்ன ஊர், மறைத்தது, மாவு மில். வைஷாலி திட்டவில்லை. கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

மழையன்று அமல்ராஜ் அவரை இறக்கிவிட்ட அந்த முனையிலிருந்து காப்பகம் நடக்கிற தூரம்தான். தெருவில் ரோந்துபோல ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டு போனால், மாடியில் துணி உலர்த்தும் காவ்யா கண்ணில் பட்டுவிடுவாள். சாந்தகுமாரி சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெபம் செய்யப் பார்த்தார். பாதியிலேயே வார்த்தைகள் மறந்துபோயின.

"நல்ல பையனாத்தான பேசினான்" என்றார் அமல்ராஜ், யாரிடமோ சொல்வதுபோல. "அடிக்கவன்னு மூஞ்சில எழுதியா ஒட்டியிருக்கு?"

பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் வைஷாலியின் அழைப்பு வந்தது. காவ்யாவைப் பின்வாசல் வழியாக ஆட்டோவில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவன் மில் வாசலில் நின்று, கல்யாணப் போட்டோவைக் காட்டி எல்லோரிடமும் விசாரித்திருக்கிறான். போலீஸ் வந்து, பேர் எழுதிக்கொண்டு, எச்சரித்து அனுப்பியிருக்கிறது.

"அனுப்பிவிட்டார்களா? இப்போது அவன் எங்கே?"

"தெரியாது."

"காவ்யா?"

"அக்கா, அதை இனி உங்களிடம் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டு வாசல் அவனுக்குத் தெரியும்."

"அவளுக்கு இந்தி சரியாக வராதே. பயந்தால் யாரிடம் சொல்லுவாள்?"

"நீங்கள் பயப்படுவதாக அவளிடம் சொல்லவில்லை" என்றாள் வைஷாலி. "உங்களைத் தைரியசாலி என்றே நம்புகிறாள். அதனால் சமாளிப்பாள்."

போனை வைத்ததும் கீழே ஒரு பைக் வந்து நின்றது. அமல்ராஜ் ஓசைப்படாமல் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். படியில் காலடிகள் ஏறின. வாசலைக் கடந்தன. மேல் வீட்டு ஷ்யாம் தன் அம்மாவை மராத்தியில் கூப்பிடும் குரல் கேட்டது.

அதற்குப் பிறகும் அமல்ராஜ் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.