ஜெபமணி அண்ணாச்சி எழுதச் சொன்ன வரி

ஜெபமணி அண்ணாச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று நம் சபை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அவர் என்னிடம் ஒப்படைத்த வேலையை நான் தொடங்கவே இல்லை.

தாலுகா ஆபீஸில் ஓய்வுபெறும்வரை எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பை அவர்தான் எழுதுவார் என்பது உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டில் போய் உட்கார்ந்து, இறந்தவரின் குறை ஒன்றையும் கேட்டு வாங்கிவிடுவார். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்கு, "கோபம் வந்தால் சோற்றுத் தட்டை வீசுவார்; பிறகு அவரே தரையைத் துடைப்பார்" என்று எழுதினார். கண்டக்டரின் மனைவி சவப்பெட்டியின் பக்கத்தில் அழுதுகொண்டே சிரித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏன் இந்த வம்பு என்று கேட்டேன். "நல்லத மட்டும் எழுதுனா எவனுக்கும் பொருந்தும் வே. செத்தது யாருன்னு தெரிய வேண்டாமா?" என்றார்.

போன வருடம் ஆஞ்சியோ முடிந்து வந்தவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என் குறிப்ப நீருதான் எழுதணும். ஒரு வரி கட்டாயம் வரணும். எஸ்தர் கல்யாணத்துக்கு எங்க அம்மா புறப்பட்டு நின்னா. அவள உள்ள வச்சுப் பூட்டுனது நான்."

எஸ்தர் அவருடைய தங்கை, ராயகிரியில் இருக்கிறார். வேறு சாதியில் மணம் செய்துகொண்டவர். பெற்ற தாயே தன்னை வேண்டாம் என்றுவிட்டாள் என்று எண்ணி, அதன்பின் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடுத்த வருடமே தாயும் போய்விட்டார்.

"நீங்களே போய்ச் சொல்லிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தைரியம் இல்ல வே. நான் செத்தா வருவா. அப்ப அவ காதுல விழணும்."

எழுதிக் கையெழுத்தாவது போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். "தன்னப் பத்தித் தானே எழுதுனா அது வக்காலத்துல்லா" என்று மறுத்துவிட்டார். நானும் இன்றைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்தினேன். சாகாத மனிதனுக்கு எப்படி எழுதுவது என்று ஒரு சாக்கு.

அடக்கத்தன்று சென்னையிலிருந்து வந்த மகன், வழியில் காரிலேயே போனில் ஏஐயிடம் கேட்டு வாங்கிய குறிப்பை அச்செடுத்து நீட்டினான். "நீங்க சிரமப்பட வேண்டாம் அங்கிள், எல்லாம் ரெடி." மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது பெரிய நிம்மதி. பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பூட்டிய கதவைப் பற்றி எந்த வாயால் பேசுவது? வாங்கி வாசித்தேன். "தாயின் மனம் கோணாமல் நடந்தவர். உடன்பிறந்தோரைக் கண்ணின் மணிபோல் காத்தவர்."

கடைசி வரிசையிலிருந்து எஸ்தர் எழுந்து போனார். கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை.

உங்களில் நாலைந்து பேர் என் கையைப் பிடித்து, "அண்ணாச்சியே எழுதுனாப்ல இருந்துச்சு" என்றீர்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று நாள் உட்கார்ந்து, அவர் சொன்னதை அப்படியே என் கையால் எழுதி, நேற்று ராயகிரிக்குக் கொண்டுபோனேன். எஸ்தர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். தாளை நாலாக மடித்து என்னிடமே தந்தார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. அன்னைக்கு வாசிச்சதும் நல்லாத்தான் இருந்துச்சு. அது போன்ல கேட்டு வாங்குனதுன்னு சொன்னாவ. இதையும் போன்லதான் கேட்டியளா?"

"இது என் கையெழுத்தும்மா."

"போனப் பாத்துக் கையால எழுதலாம்லா" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். காப்பி போட உள்ளே போனார்.

அண்ணாச்சியின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு வரிதான். அதை வாசிக்க வேண்டிய நாளில் வேறொன்றை வாசித்தேன். எஸ்தருக்கு எழுபது வயதாகிறது. தன் தாய் தன்னை வேண்டாம் என்றாள் என்று நினைத்துக்கொண்டேதான் அவர் கண்ணை மூடுவார்.