திரை துடைப்பவர்

யாரும் அழைக்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடித்த கைக்குட்டையை எடுத்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் கணினித் திரையை மேலிருந்து கீழாகத் துடைக்கிறார். "இவ்வளவு குப்பையோட எப்படிம்மா வேலை பாக்குறீங்க?" என்கிறார். அவர் சொல்வது தூசியை அல்ல, விளம்பரங்களை. அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் விளம்பரத் தடுப்பானை நிறுவிவிட்டு எழுந்தும் விட்டார்.

எங்கள் பம்பு கம்பெனியில் கொள்முதல் பிரிவின் மூத்த எழுத்தர் அவர். சுத்தக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதைப் பாராட்டு என்றே நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம். மூன்று மாடியிலும் அவர் கைபடாத கணினி இல்லை. அவருடைய மேஜையில் கோப்புகள் மட்டும் போட்டது போட்டபடி கிடக்கும்.

காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் கத்தரிக்கோலைத் தேடுவார். விளம்பரங்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத்தான் படிப்பார். பின்பக்கத்துச் செய்தியும் சேர்ந்து போய்விடுகிறதே என்று ஒருநாள் கேட்டேன். "பாதி படிச்சாலும் சுத்தமா படிக்கணும் சார்" என்றார். இந்த மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

அவர் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு மருந்தின் பெயரைத் தேடினால் ஒரு வாரத்துக்கு அந்த நோயே நம்மைத் துரத்துகிறது. நானும் தடுப்பான் வைத்திருப்பவன்தான். ஆனால் அதற்காகத் துறவி வேஷம் போடுவதில்லை. இணையதளம் நடத்துகிறவர்கள் எதை வைத்துப் பிழைப்பது என்று யாராவது கேட்டால், நன்றாக எழுதினால் தானாக வரும் என்பார். எங்கிருந்து வரும் என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.

அவருக்கு ஒரு தங்கை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்துத் தைத்துத் தோள்பட்டை போனவர். வீட்டிலிருந்தபடியே துணி வெட்டும் பாடங்களை ஒரு தளத்தில் எழுதிவந்தார். அதில் வரும் விளம்பரங்கள்தான் அவருக்குச் சோறு. அண்ணன் சும்மா இருப்பாரா? சொந்தக்காரர்கள், அலுவலகத்தார் ஒருவர் விடாமல் தினமும் அந்தத் தளத்தைப் பார்க்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். எல்லோரும் பார்த்தோம். எங்கள் எல்லோர் கணினியிலும் தடுப்பானை வைத்திருந்தவரும் அவரேதான். எனவே கூட்டம் கூடியது, விளம்பரம் ஒன்றுகூட ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு மதியம், அண்ணன் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத் தங்கை வந்தார். நின்றபடியே கேட்டார்: "தடுப்பானையே எடுக்கச் சொல்லலண்ணே. என் பக்கத்துக்கு மட்டும் வழி விடச் சொல்லுங்க. ஒரே ஒரு க்ளிக்."

"தங்கச்சின்னு விட்டா நாளைக்கு ஊரே கேக்கும். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

தன் கொள்கையைக் காட்டவே, தன் தடுப்பான் எந்தத் தளங்களுக்கு வழி விடுகிறது என்ற விதிவிலக்குப் பட்டியலைத் திறந்தார். காலியாக இருக்கும் என்று அவரும் நினைத்திருக்கவேண்டும். ஒரு பெயர் இருந்தது. வாசகர் கடிதங்களை, எழுதியவரின் புகைப்படத்தோடு போடும் ஒரு செய்தித் தளம். தடுப்பான் இருந்தால் அது பக்கத்தையே காட்டாது.

"அதுல என் லெட்டர் வருதும்மா. அது வேற" என்றார்.

தங்கை கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் இடத்துக்கு வந்து, தங்கையின் தளத்துக்கு மட்டும் தடுப்பானை நீக்கினேன். நான் ஒருவன் நீக்கி என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகவில்லை.

போன வாரம் என்னைக் கூப்பிட்டுத் தன் திரையைக் காட்டினார். தங்கையின் தளம்தான். சட்டைக் காலர் வெட்டும் பாடம் பாதியில் நின்றிருந்தது. அதன் கீழே ஒரு வரி: 'திங்கட்கிழமை முதல் மறுபடியும் தொழிற்சாலைக்குப் போகிறேன். இனி எழுத முடியாது, மன்னியுங்கள்.' அந்தத் தோள்பட்டையோடு. இப்போதாவது மனிதருக்கு உறைத்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பாருங்க சார், கடைசி வரைக்கும் ஒரு விளம்பரம் இல்ல. எவ்வளவு சுத்தம்."

அந்த வரியின்மேல் ஒரு தூசி ஒட்டியிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.