எலிப் பல்லில் எங்கள் வீட்டுப் பட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகள் கௌசல்யா சென்னையிலிருந்து பஸ் பிடித்து ஆரணிக்கு வந்தாள். வந்தவள் காபிகூடக் குடிக்கவில்லை. "அப்பா, வெள்ளை நூலு கொஞ்சம் வேணும்" என்றாள். இது இரண்டாம் முறை!

நெசவுக்காரர் வீட்டுப் பெண் பட்டு நூல் கேட்பதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அவள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படிக்கிறாள். நூல் எலிக்கு. எலியின் கடைவாய்ப் பல்லைச் சுற்றிக் கட்டுவதற்கு.

முதல் முறை கேட்டபோது எனக்கும் தலைகால் புரியவில்லை. அவளே விளக்கினாள். பல்லடியில் பட்டு நூலைக் கட்டிவிட்டால் அதில் அழுக்கு சேரும், கிருமி சேரும், ஈறு வீங்கும், உள்ளே எலும்பு கரையும். பிறகு நூலை எடுத்துவிட்டு, ஈறு ஆறக் கொஞ்ச நாள் விட்டு, மெல்லிய ஸ்பிரிங் வைத்துப் பல்லை இழுத்துப் பார்ப்பார்களாம். எத்தனை நாள் பொறுத்தால் பல் தாங்கும்... அதுதான் அவளுடைய தீஸிஸ். கடைசியில் எலியைக் கொன்று எலும்பை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

"இதெல்லாம் யாருக்கும்மா?" என்றேன்.

"உங்களுக்குத்தான் பெரியப்பா."

உண்மைதான். என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஈறு நோயால் விலகி, முன்னே துருத்திக்கொண்டு வருகின்றன. கம்பி போட்டு உள்ளே தள்ளலாம். ஆனால் ஈறு ஆறாமல் இழுத்தால் பல் கையோடு வந்துவிடும் என்கிறாள்.

"எலி பாவம் இல்லியாம்மா?" என்று கேட்டான் தம்பி — புழுவைக் கொன்று எடுத்த பட்டைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கு அவனோடு வாதம் செய்ய இப்போதெல்லாம் தெம்பில்லை.

நல்ல நூலாகத்தான் கொடுத்தான். அங்கேதான் வந்தது வினை. புதுத் துணிக்கு மஞ்சள் வைப்பதுபோல, எங்கள் வீட்டில் பெண்பிள்ளை கையில் நூல் கொடுத்தாலும் கண்டின் நுனியில் மஞ்சள் தடவித்தான் கொடுப்போம். தம்பியும் தடவினான். அவளும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற மஞ்சள், புதிதாகக் கண்ணில் படுமா? லேபில் ஸ்டெரிலைஸ் செய்து, அந்த நுனியிலிருந்தே வெட்டி வெட்டிக் கட்டிவிட்டாள்.

எலிகளின் ஈறு எதிர்பார்த்த அளவு வீங்கவில்லை. மீதி நூலை எடுத்துப் பார்த்த கைடு, "இதென்ன மஞ்சள்?" என்றாராம். மஞ்சள்தான் காரணமா? யாருக்குத் தெரியும்! ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் ஆராய்ச்சி செல்லாது. மொத்த பேட்ச்சும் வீண். அந்த எலிகளை மறுபடி பயன்படுத்தவும் முடியாது, வெளியே விடவும் முடியாது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் வந்து நின்றாள். தம்பிக்கு மனசு ஒப்பவில்லை.

"மஞ்ச இல்லாம எப்பிடிம்மா எடுத்துகினு போவ? ஒரு பொட்டு வெச்சா இன்னா ஆயிடப்போவுது?"

"இருபது எலிப்பா" என்றாள். "எல்லாத்துக்கும் நான்தான் கடைசி ஊசி போட்டேன். ஒண்ணுத்துக்கும் ஆவாம செத்துச்சு. இப்ப இன்னும் இருபது. இதுவும் வீணாச்சுனா இந்தப் படிப்பே வேணாம்பா எனக்கு..."

குரல் உடைந்துவிட்டது. தம்பி எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினான். சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் கழுவினான். பிறகு வெள்ளை நூலை வெள்ளைத் தாளில் மடித்து, மகளின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். மஞ்சள் இல்லாமல் அவன் கையிலிருந்து போன முதல் நூல் அதுதான்.

நாம் எல்லோரும் நல்லது நினைத்துத்தான் செய்கிறோம். அதற்கும் எங்கேயோ ஓர் உயிர் சும்மா போய்விடுகிறது. யாரைக் குற்றம் சொல்வது? யோசித்தாலே அலுப்பாக இருக்கிறது.

இப்போது தினமும் இரண்டு வேளை ஒழுங்காகப் பல் தேய்க்கிறேன் — அந்த எலிகளுக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அவ்வளவுதான்.