சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை

நெய்யூர் முக்கில் தையல் கடை வைத்திருக்கும் ஞானபாய்க்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. துணி எப்போது கிடைக்கும் என்று கேட்டால் அவள் வாயில் வரும் கிழமை ஒன்று, கையில் முடியும் கிழமை வேறு. திங்கள் என்றால் வியாழன். வியாழன் என்றால் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஊர்ப் பெண்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு அதற்கு முந்தைய வாரத்துப் புதன்கிழமையே வேண்டுமென்று அடித்துச் சொல்வார்கள். இரண்டு பக்கத்துப் பொய்யும் நடுவழியில் சந்தித்துச் சமாதானமாகிவிடும். முப்பது வருஷமாக இப்படித்தான் ஓடியது. ஒரு மணப்பெண்ணும் பிளவுஸ் இல்லாமல் நின்றதில்லை.

இந்தச் சமாதானத்தில் கை வைத்தவள் மகள் ஜினிஷா. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. லீவுக்கு வந்தவள் அம்மாவின் எண்ணெய் படிந்த நோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, அம்மாவின் போனில் வேலைப் பட்டியல் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதி. தலைபோகிற வேலைக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், ஆற அமரச் செய்வதற்கு நிறமே வேண்டாம். காலையில் திறந்தால் அன்றைய வேலை வரிசையாக நிற்கும்.

"தேதி முந்துனது முன்னால வரும், சிவப்பு அதுக்கும் முன்னால வரும். மேல உள்ளத முதல்ல தச்சா போதும், அம்மா. வேற ஒண்ணும் யோசிக்காண்டாம்" என்றாள் ஜினிஷா.

யோசிக்க வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஞானபாய் அப்படியே பிடித்துக்கொண்டாள். வந்தவர்கள் சொன்ன தேதியைச் சொன்னபடியே போட்டாள். அவசரம் என்று கெஞ்சியவர்களுக்கெல்லாம் சிவப்பு கொடுத்தாள். எல்லோரும்தான் கெஞ்சினார்கள், பட்டியல் வத்தல் மிளகாய் காயப்போட்ட முற்றம் மாதிரி ஆகிவிட்டது. அதில் நிறமில்லாமல் கிடந்தது ஒரே வரி. குளச்சல் பாஹிமாவுக்கு நிக்காஹ் பிளவுஸ்.

பாஹிமா துணி கொடுத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு நிக்காஹ், மாமி. சனிக்கெழம கெடைச்சா போதும்." கெஞ்சவில்லை, கண்ணைக் கசக்கவில்லை. சனிக்கிழமை என்று தேதி போட்டதோடு சரி.

அந்த வாரம் ஞானபாய் மாடாய் உழைத்தாள். மேலே இருப்பதைத் தைத்தாள், முடிந்ததும் டிக் அடித்தாள், அடுத்ததை எடுத்தாள். வியாழனுக்குச் சொன்னது வியாழனே முடிந்தது. தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன நாளில் வேலை முடித்த பெருமை அவளுக்குத் தாங்கவில்லை. தைத்து முடித்த பதினோரு கவர்களும் கம்பியில் வரிசையாகத் தொங்கின. எடுத்துப் போக ஒருத்தியும் வராதது அப்போது அவள் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பாஹிமா ஆட்டோவில் வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் மருதாணி. கூடவே அவள் உம்மா கதீஜா உம்மாள். போட்டுப் பார்த்து வாங்கிப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். ஞானபாய் போனைப் பார்த்தாள். ஐந்து சிவப்பு வரிகள் மீதி. அவற்றுக்கும் கீழே, கடைசியில் பாஹிமா. அலமாரியில் பச்சைப் பட்டுத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. வெட்டக்கூட இல்லை. கதீஜா உம்மாளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் அப்பமே தலபாடா அடிச்சேன்" என்று கதீஜா உம்மாள் மகள் மேல் பாய்ந்தாள். "வியாழக்கெழமன்னு கள்ளம் சொல்லுட்டின்னு. கேட்டாளா?"

"எல்லாரும் சொல்லுதாங்கன்னு நானும் கள்ளம் சொல்லணுமா, உம்மா?" என்றாள் பாஹிமா. அப்புறம் ஞானபாயைப் பார்த்து, "சாரமில்ல, மாமி. வீட்டுல பழைய பச்ச பிளவுஸ் ஒண்ணு கெடக்கு, அத போட்டுக்கிடுதேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், கண் மட்டும் கலங்கியது.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. பரவாயில்லை என்கிற அந்தச் 'சாரமில்ல' ஞானபாயின் நெஞ்சில் தைத்தது. உண்மை சொன்ன பிள்ளைக்கா கடைசிப் பந்தி? அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

"ஆறு மணிக்கு வாங்க" என்றாள்.

"எந்த ஆறு மணிக்கு?" என்று கேட்டாள் கதீஜா உம்மாள். ஊரறிந்த சங்கதியாயிற்றே.

"இன்னைக்கு ஆறு மணிக்கு."

அவர்கள் போனதும்தான் கம்பியில் தொங்கிய கவர்களை அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதல் கவர் பேபியுடையது. பக்கத்துத் தெருக்காரி, ஞாயிறு ஆராதனைக்கும் ஒரே சபை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வியாழனுக்கே வேண்டுமென்று காலில் விழாத குறையாகக் கேட்டவள். ஞானபாய் போன் போட்டாள்.

"ஏட்டி பேபி, உனக்க பிளவுஸு வியாழக்கெழமயே ரெடி. ஏன் எடுக்க வரல்ல? கல்யாணம் முடிஞ்சுதா இல்லியா?"

"கல்யாணமா? அது அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமல்லா, எக்கா."

"பின்ன எதுக்கு வியாழன்னு பறைஞ்ச?"

"நீங்க எப்பவும் பத்து நாளு தள்ளித்தான தருவிய? அதான் பத்து நாளு முன்ன பறைஞ்சேன். சொன்ன நாளுல தருவியன்னு நான் கண்டேனா?"

இந்தப் பொய்யைப் பேபிக்குக் கற்றுக்கொடுத்ததே ஞானபாய்தானே! பட்டியலில் மீதியிருந்த ஐந்து சிவப்புக்காரிகளுக்கும் வரிசையாகப் போன் போட்டாள். ஒருத்தியின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. இன்னொருத்தி மகனுக்குச் சபையில் திடப்படுத்தல் ஆராதனை அடுத்த மாசம். இரண்டு பேருக்குக் கல்யாணத் தேதியே குறிக்கவில்லை. ஐந்தாமவளுக்கு விசேஷமே கிடையாது. "அவசரம்னு சொன்னாத்தான நீங்க துணிய கையால தொடுவிய, எக்கா" என்றாள், வெட்கமே இல்லாமல்.

ஒவ்வொருத்தி வாயிலிருந்தும் மெய்யான தேதி வர வர, ஞானபாய் செயலியில் மாற்றிக்கொண்டே வந்தாள். சிவப்பை எடுத்தாள். முற்றம் காலியாயிற்று. இன்றைய பட்டியலில் மிஞ்சியது பாஹிமா ஒருத்திதான். அவள் பெயருக்குச் சிவப்பு வைத்துவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல நேரமில்லை, ஞானபாய்க்கும் நேரமில்லை. மதியம் சாப்பாட்டைத் திறக்கவில்லை. லைனிங் கொடுத்து, கழுத்தும் கையும் வைத்து முடித்தபோது மணி நாலு. மறுபடி பேபிக்குப் போன் போட்டாள்.

"கள்ளம் பறைஞ்ச பாவத்துக்கு ஓடி வந்து ஹூக்கு வச்சுத் தா."

பேபி வந்தாள். வரும்போது டீக்கடையில் ஒரு பொட்டலம் பழம்பஜ்ஜியும் வாங்கி வந்தாள். பட்டில் எண்ணெய் பட்டுவிடும் என்று ஞானபாய் அதை வாசல் திட்டுக்கு நாடு கடத்தினாள். இருவரும் சிரித்துக்கொண்டே ஹூக்கு வைத்தார்கள். ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதீஜா உம்மாள் சண்டைக்குத் தயாராக ஆட்டோவை விட்டு இறங்கினாள். பிளவுஸ் இஸ்திரிச் சூடு ஆறாமல் மேஜைமேல் இருந்தது. பாஹிமா திரைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், அந்தம்மா கொண்டுவந்த சண்டையை மறந்து மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே ஞானபாய் கடையில் ஒரு அட்டை தொங்கவிட்டாள். "விசேஷ கார்டு இல்லாமல் தேதி எழுதப்படாது." கார்டு அடிக்காத விசேஷம் என்றால் பைபிள்மேல் கை வைக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். பேபிதான் தடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு சிவப்புக்கு மேல் வைப்பதில்லை என்று ஞானபாய் தனக்கும் சட்டம் போட்டுக்கொண்டாள். கடையைப் பூட்டும் முன்னால் மறுநாள் பட்டியலில் அவளே ஒரு வரி சேர்த்து, மணியடிக்க நேரமும் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போதகரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. சரியாகப் பதினோரு மணிக்குக் கோயில் முழுக்கக் கேட்கும்படி ஞானபாயின் போன் மணியடித்தது. போதகர் நிறுத்தினார். சபையே திரும்பியது. பக்கத்தில் இருந்த பேபி எட்டிப் பார்த்தாள். திரையில் அன்றைக்கு ஒரே வரி, சிவப்பில்: "பாஹிமா நிக்காஹ். ஜெபம்."

ஞானபாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும், கர்த்தாவே என்றாள். கண்ணைத் திறந்து டிக் அடித்தாள்.

பேபியும் கண்ணை மூடியிருந்தாள்.