திரையில் ஒட்டிய அம்பு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருக்கிறது. பனியன் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்ட ஒட்டுகிற ஸ்டிக்கர்தான். ஒட்டியவர் எங்களிடம் செக்கிங் பார்த்த அக்கா. தெற்கத்திக்காரர். அம்புப் பட்டையை எப்போதும் இடது முழங்கையில் ஒட்டி வைத்திருப்பார்.

நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் வீட்டுக்குக் கீழேயே பன்னிரண்டு தையல் மெஷின் போட்டிருந்தேன். புது ஆள் போனில் வந்தால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். எனக்குப் பதிலாகப் பேசட்டும் என்றுதான் ஒரு வெப்சைட் செய்து வாங்கினேன். அஞ்சாவது மட்டுமே படித்த எனக்கும் புரிய வேண்டுமே என்று தமிழிலேயே கேட்டேன். செய்து கொடுத்தவர் முதல் படமாக ஒரு பெரிய கூடத்தைப் போட்டிருந்தார். வரிசை வரிசையாகப் பெண்கள், எல்லோர் தலையிலும் வெள்ளைத் தொப்பி. எங்கள் இடம் இல்லை என்று தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதைப் பார்த்துத்தான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி கூப்பிட்டது. வியாழக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார்கள். வேலை குறைந்திருந்த சமயம். அந்த ஆர்டர் வராவிட்டால் டெய்லர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அக்காவை மாடிக்கு அழைத்தேன். கண்ணாடியைப் போட்டவர், துணியில் ஒட்டுவதைப் போலவே திரையில் ஓர் அம்பை ஒட்டினார்.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ளையெல்லாம் யாரு? நம்ம கம்பெனியில எவ தொப்பி போட்டுத் தைக்கா?"

"வெப்சைட்டுக்காரர் அழகுக்குப் போட்டதுங்கக்கா."

"அழகுக்குன்னா சாமி படத்தப் போடச் சொல்லுங்க. வாரவன் இவளுவ எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவிய? ஒங்களுக்குச் சும்மாவே வாய் தொறக்காது."

கூச்சத்தில் பக்கத்தை மேலே தள்ளினேன். படம் போய்விட்டது. அம்பு நகரவில்லை. அதற்கு நேராக 'உரிமையாளர்' என்று என் பெயர் வந்து நின்றது. அக்கா சிரித்துவிட்டார். "பாத்தியளா, டேமேஜ் எங்க இருக்குன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு!"

மறுநாள் காலை படத்தை அழித்தேன். பக்கம் வெள்ளையாகிவிட்டது. மோடத்தில் சிவப்பு விளக்கு. நெட் போனது புரியாமல், எல்லாமே அழிந்துவிட்டதென்று நினைத்தேன். பச்சை விளக்கு வந்ததும், போனில் எடுத்த எங்கள் படத்தை ஏற்றினேன். புதன்கிழமை அந்தக் கம்பெனிக்காரர் போனில், "பன்னண்டு மெஷின்தானுங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அவர்கள் வரவில்லை. மூன்று டெய்லர்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். ஒரு வாரம் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பாட்டுக்கு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தார். போன ஆடியில் அக்கா வேலையை விட்டுவிட்டு, மகளோடு இருக்க ஊருக்குப் போனபோதும், நான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டுதான் நின்றேன்.

இப்போது இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. வெப்சைட்டைப் பார்த்துவிட்டு நாளை பேசுவார்களாம். காலையிலிருந்து அந்தப் பக்கத்தைத்தான் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கிறேன். 'ஒவ்வொரு பீஸும் இருமுறை செக்கிங் செய்யப்படும்' என்ற வரி அம்புக்கு நேராக வந்ததும் கை நின்றுவிட்டது. அக்கா இருந்தவரை அது உண்மை. இப்போது என் மனைவி சமையலுக்கு நடுவே வந்து ஒருமுறை பார்ப்பதோடு சரி.

'இருமுறை' என்ற சொல்லை அழித்துவிட்டு சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அம்பு அதே இடத்தில் இருக்கிறது.